மேல் பங்களாச் சம்பந்திக்கு ஒரு வேட்டி

1

"வேட்டிய தட்டுல வைக்கலைன்னா அது சம்பந்தம் பேசப் போறதில்ல, சும்மா தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றது—"

"வச்சா அந்த மனுசன் என்ன நெனைப்பாரு? உடுத்தாத ஆளுக்கு உடுப்பு கொண்டாந்து குத்திக் காட்டுறாளுகன்னு—"

"அவரு நெனைக்கிறது அவரோட. நமக்குன்னு ஒரு மொற—"

"மொறையப் பேசாத அழகம்மா. துணியில்லாம திரியிற எடத்துக்குப் போறப்ப நாம என்னத்த உடுத்திக்கிட்டுப் போறதுன்னே எனக்கு இன்னும் முடிவாகல. நீ அந்த ஆளுக்கு உடுத்திவிடப் பாக்குற."

"பட்டு உடுத்து."

"மலை ஏறுறதுக்கா?"

"அப்ப நூல் சேலை. ஆனா வேட்டி உண்டு. சட்டையும் உண்டு."

"சட்டைக்கு அளவு?"

அளவைத் தெரிந்துகொள்ள என்ன வழி என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். தெரேசா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அமுக்கிக்கொண்டாள். அழகம்மா அமுக்கவில்லை.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சண்டை இன்னும் முடியவில்லை, ஆனால் அதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் நான் காதால் கேட்டது ஒரே ஒரு வரி. ராகலையிலிருந்து நுவரெலியா போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் கேட்டாள்: "துணியில்லாம திரியிற எடத்துக்குப் போறப்ப நாம என்னத்த உடுத்திக்கிட்டுப் போறது?" நின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கண்டக்டர் கிழித்த டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். மற்றவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கந்தப்பளை வந்துவிட்டது. பையும் குடையுமாக இறங்கிப் போய்விட்டார்கள்.

பதிலைக் கேட்காமல் நான் நுவரெலியா வரை போனேன். என்ன வேலையாகப் போனேன் என்பது மறந்தே போனது. திரும்பி வரும்போது அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்தது, மகன் இருந்தான், கையில் ஒரு தாம்பாளத் தட்டு இருந்தது. எனக்குக் கதை கண்ணுக்குள் வராது, காதுக்குள்தான் வரும். ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி குறுக்கே விழுவாள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள், வெயிலா மழையா என்பதையெல்லாம் பிறகு நான்தான் போய்த் தேட வேண்டும்.

2

தேடினேன். எழுதிப் பார்த்து விட்டுவிட்ட தொடக்கங்கள் இவை:

டயகமவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், துரைமார் விட்டுப்போன பங்களா ஒன்று இருந்தது. அதன் கூரையில் மூடுபனி

(மூடுபனி என்ன செய்தது என்று தெரியவில்லை. பங்களா என்று எழுதினாலே மூடுபனி தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுப்பி அனுப்பினேன்.)

மனிதன் ஆடையோடு பிறப்பதில்லை.

(இது எனக்குப் பிடித்திருந்தது. தெரேசாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதுக்குத்தானே மருத்துவச்சி துணியோட காத்துக்கிட்டு இருக்கா" என்றாள். அடித்துவிட்டேன்.)

அடுத்து, அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது? நிர்வாணம் என்றால் ஞானியருக்கு உரியதாகிவிடுகிறது. அம்மணம் என்றால் ஏச்சாகிவிடுகிறது. அங்கே வருகிறவர்கள் தங்களை இயற்கைவாதிகள் என்கிறார்களாம். எங்கள் பக்கத்தில் இயற்கை என்றால் உரம் போடாத கரட். தோட்டத்து லய வீடுகளில் சிலர் 'அம்மணப் பங்களா' என்றார்கள். அப்படிச் சொல்ல நாக்குக் கூசினவர்கள் 'மேல் பங்களா' என்றார்கள். நானும் கூசுகிறவள்தான். மேல் பங்களா என்றே இருக்கட்டும். டயகமவில் இறங்கி வழி கேட்காதீர்கள். அதைக் கட்டியவள் நான்.

3

தெரேசாவைப் பற்றிச் சொல்கிறேன். ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். ஒரே மகன் கிஷாந்த். நுவரெலியாவில் வங்கி வேலை. அவன் கட்டிக்கொள்ள விரும்புகிறவள் கேத்ரின், ஆஸ்பத்திரியில் தாதி. தெரேசாவுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. முதல்முறை லயத்துக்கு வந்தபோது, இஸ்தோப்புத் திண்ணையில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயை மழைக்கு முன்னால் தானாக எழுந்து அள்ளிக் கொண்டுவந்தாள். வேறென்ன வேண்டும்?

வேண்டியதெல்லாம் சம்பந்தியுடைய ஒரு வார்த்தை. கேத்ரினின் தகப்பன் மத்தியாஸ் மாஸ்டர். கிஷாந்துக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். வெயிலோ மழையோ டை கட்டிக்கொண்டு வந்தவர். ஓய்வு பெற்றதும் மேல் பங்களாவில் போய் இருந்துவிட்டார். 'கல்யாணம் பேசுவதானால் மேலே வாருங்கள், நான் இறங்கி வருவதாக இல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கிஷாந்த் அம்மாவிடம் ஒன்று சொன்னான். "அவர பாத்துட்டு ஒனக்கு சரியா வரலைன்னா சொல்லிரும்மா. நான் நிப்பாட்டிர்றேன்."

அப்படிச் சொன்னதுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அவள் வேண்டாமென்றால் நின்றுபோகும். மலை ஏறாவிட்டாலும் அது வேண்டாம் என்பதாகிவிடும்.

"நீ ஏன் புள்ள நடுங்குற?" என்றாள் அழகம்மா. இவள் லயத்தில் அடுத்த காம்பரா, ஒற்றைச் சுவர்தான் நடுவில். ஒரே மலையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து பறித்து வயதானவர்கள். "அவுங்க துணியில்லாம இருந்தா அவுங்கதான் வெக்கப்படணும்."

"உள்ள போறவங்களும் ஏதாச்சும் ஒண்ணு கழட்டணுமாமே."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன."

"நான் தர்ஷன் சொன்னதத்தான் சொன்னேன். வேன் ஓட்டுறவன் பேச்சு."

தர்ஷன் பேச்சாக இருந்தாலும் தெரேசாவின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. தலையில் துண்டு. வீட்டில் துண்டு, வெளியில் முந்தானை, கோவிலில் வெள்ளை முக்காடு. தலை மூடாமல் அவளைப் பார்த்தவர் யாருமில்லை. பங்குச் சாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைக் காட்டுவார்: "நம்ம தோட்டத்துலயே ஒரு தாய் இருக்காங்க, செபத்துக்கு மட்டுமில்ல, எந்நேரமும் முக்காடு." மற்றப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் குனிந்துகொள்வாள். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பக்தி இல்லை. கூடைக் கயிறு. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில்தான் உட்காரும். அது உட்கார்ந்த இடத்தில், காதுக்குக் காது, ஒரு பட்டை அகலத்துக்கு அவளுக்கு முடி இல்லை. வழுக்கையும் இல்லை, தேய்ந்துபோன தடம். அழகம்மாவுக்கும் உண்டு. ஆனால் அழகம்மா அதை "கவர்மென்டு போட்டுக் குடுத்த ரோடு" என்று சொல்லி, பக்கத்து முடியை இழுத்து வாரி, பூவும் வைத்துக்கொள்வாள். தெரேசாவால் முடியவில்லை. வெட்கம் உடம்பில் எங்கே இருந்தாலும் அவள் சமாளிப்பாள், அந்த ஒரு கோட்டில் மட்டும் முடியாது.

* ஒரே காம்பராவில் வளர்ந்த பிள்ளை அம்மாவின் தலையைப் பார்க்காமலா இருந்திருப்பான்? இந்தச் சந்தேகம் உங்களுக்கு வருவதற்கு முன்பே எனக்கு வந்தது. தெரேசாவிடமே கேட்டேன். "அவன் எந்திரிக்க முந்தி நான் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிருவேன். வர்றப்ப தலையில கூடை. படுக்கறப்ப குளிரு, எல்லாருந்தான் தலைய மூடிக்கிட்டு படுக்கிறோம். இதுல அவன் எப்பம்மா பாக்கிறது?" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.

4

மத்தியாஸ் மாஸ்டர்மேல்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. டை கட்டின கணக்கு வாத்தியார் ஒருவர் எதற்காக எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மலையில் உட்காருவார்? வாசகர் கேட்பார். காரணம் தயாரித்தேன்.

மனைவி போன துக்கத்தில் (இல்லை. துக்கத்தில் மனிதர் இன்னும் ஒரு போர்வை கேட்பார்.)

வெளிநாட்டுக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு மனம் மாறி (மாஸ்டர் யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை. பள்ளியில் பிரின்சிபல் பேச்சையே கேட்கவில்லை.)

தோல் வியாதிக்கு வெயில் நல்லதென்று வைத்தியர் சொல்ல (இது மருந்துக்கடை விளம்பரம்.)

கடைசியில் அவரையே பேசவிட்டேன். அவர் குரல் உடனே வந்தது, கரும்பலகையில் கோடு போடுகிற மாதிரி நேராக. "பங்களாவுக்கு கணக்கெழுத ஆள் கேட்டாங்க, போனேன். ஒரு நா நல்ல வெயில். ஷேர்ட்ட கழட்டினேன். காத்து பட்டுச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா மாஸ்டர்?"

"எல்லாத்துக்கும் ஸ்டெப் எழுதணும்னு இல்ல."

சரி என்று விட்டுவிட்டேன்.

5

தட்டு தயாரானது. கேத்ரினுக்கு அரக்கு நிறத்தில் சேலை, வாழைப்பழச் சீப்பு, சீனி, வெற்றிலை, ஒரு பட்டர் கேக். எல்லாவற்றுக்கும் அடியில், சேலைக்குக் கீழே ஒளித்து, வேட்டியும் சட்டையும். சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை என்பது அதற்கு அர்த்தம். அழகம்மா வைத்தாள், தெரேசா மூடினாள்.

தர்ஷனின் வேனில், கிஷாந்தையும் கூட்டிக்கொண்டு, தலவாக்கலை தாண்டி, அக்கரப்பத்தனை தாண்டி, டயகம வரை வந்தார்கள். அழகம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தெரேசா செபமாலையை உருட்டுவதாக எல்லோரும் நினைத்தார்கள். அவள் முக்காட்டுக்குக் குத்தியிருந்த ஊசிகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. பயம் அப்படித் துள்ளாதே என்று அவளுக்கே சந்தேகம். சின்ன வயதில் தேர்த் திருவிழாவில் ராட்டினம் ஏறப் போகும்போது இப்படித்தான் இருந்தது.

எனக்கும் துள்ளியது. இதை எழுதும்போது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. இத்தனை வருடம் எழுதியும் என் கதையில் ஒரு கேட் திறப்பதற்கு இப்படிக் காத்துக்கொண்டிருந்ததில்லை.

வேன் போகாத இடத்திலிருந்து நடந்தார்கள். கேட் வந்தது. காவலாளி, காக்கிச் சட்டை, தொப்பி, பூட்ஸ், முழு உடுப்பு. வேலைக்காரர்கள் உடுத்தியிருப்பார்கள் என்பதைக் கண்டதும் தெரேசாவுக்குப் பாதி மூச்சு வந்தது. அவன் அவளைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். "கலவன்ன, அம்மே."

கழற்றுங்கள் அம்மா.

தெரேசாவின் இரண்டு கையும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டன. அழகம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். கிஷாந்தின் கழுத்து சிவந்துபோனது. காவலாளி இவர்களையெல்லாம் விநோதமாகப் பார்த்துவிட்டு, கீழே காட்டினான். செருப்பு. உள்ளே புல்தரை.

"அப்ப தர்ஷன் சொன்னது சரிதான்" என்றாள் அழகம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "ஒண்ணு கழட்டணும்."

தெரேசா செருப்பைக் கழற்றினாள். ஈரப் புல் உள்ளங்காலில் பட்டது. கழற்றவேண்டிய ஒன்று முடிந்துவிட்டது என்று அவள் சிரித்தாள். அவள் அப்படி நினைத்துக்கொள்ளட்டும்.

6

கேத்ரின் உள்ளே காத்திருந்தாள், சுரிதாரும் சுவெட்டருமாக. ஆளுக்கொரு துவாய்த் துண்டு கொடுத்தாள். "இது எதுக்கும்மா?" "உக்கார்றதுக்கு அத்த. இங்க யாரும் துவாய் விரிக்காம ஒரு எடத்துல உக்கார மாட்டாங்க. அதுதான் ரொம்ப கட்டாயமான சட்டம்."

"அட" என்றாள் அழகம்மா. "ஒரு துணியும் வேணாங்கிறவங்க வீட்டுலதான் இவ்வளவு துணி தோய்க்க வேண்டியிருக்கு."

நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். இதோ வருகிறது. ஆனால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் அன்று வெயில் இல்லை.

மூடுபனி இறங்கியிருந்தது. (எழுப்பி அனுப்பியதுதான், சரியான நேரத்தில் திரும்பி வந்துவிட்டது.) வெயில் வந்தால்தான் கழற்றுவார்கள் போலிருக்கிறது. முற்றத்துப் பலகை வாங்குகளில் துவாய் விரித்து உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் மேலே கம்பளிச் சுவெட்டர், காதை மூடின குல்லா, கழுத்தில் மப்ளர். கீழே, மடியில் ஒரு போர்வை மட்டும். ஒரு பெரியவர் மட்டும் போர்வையையும் காலடியில் போட்டுவிட்டு சூப் குடித்தார். தொண்டு கிழம். தொடை முழுக்கச் சுருக்கம்.

"யாத்தே" என்றாள் அழகம்மா மெதுவாக. "நம்ம ஆறுமுகக் கிழவன் பீலிக்கரையில குளிக்கிற மாதிரியே இருக்காரு."

"பாக்காத."

"பாக்காம எப்படி சொல்றது?"

தெரேசாவும் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவளுக்கு ஒரு ஏமாற்றம் வந்தது. இவ்வளவுதானா? தோட்டத்து ஆஸ்பத்திரியில், பீலிக்கரையில், பிள்ளைப்பேற்றில், இதையெல்லாம் அவள் பார்க்காத நாள் இருந்ததா? கண்டதும் நெஞ்சு நின்றுவிடும் என்று நினைத்தது நின்றதாகத் தெரியவில்லை. பசித்தது.

கிஷாந்த் மட்டும் பார்க்கவில்லை. கேட் தாண்டியதிலிருந்து அவன் கண் மண்ணைவிட்டு எழும்பவில்லை. கேத்ரின் பேசினால் அவள் கால்விரலைப் பார்த்துப் பதில் சொன்னான். ஒரு வாங்கில் மோதினான். வாங்கிடம் மன்னிப்புக் கேட்டான்.

* இந்த மகனை நான் முதலில் முரடனாக எழுதியிருந்தேன், 'இந்த மாதிரி குடும்பத்துல பொண்ணு எடுக்கணுமா' என்று கத்துகிறவனாக. ஒரு பக்கம் கத்தினான். குரல் அவனுக்குப் பொருந்தவில்லை. கிழித்துப் போட்டேன். மண்ணைப் பார்க்கிறவன்தான் அவன்.

7

"வாங்க வாங்க. பாத்து, அங்ஙன வழுக்கும்."

குரல் தேயிலைக்குள்ளிருந்து வந்தது. பங்களாவின் பின்பக்கம் ஒரு துண்டுத் தேயிலை. யாரும் கவனிக்காமல் விட்டது. இடுப்புக்கு நிற்கவேண்டிய செடி நெஞ்சுக்கு நின்றது. அதற்கு அந்தப் பக்கம் மத்தியாஸ் மாஸ்டர். கண்ணாடி, ஓலைத் தொப்பி, நரைத்த நெஞ்சு. மீதியைத் தேயிலை பார்த்துக்கொண்டது.

"கவ்வாத்து வெட்டி எத்தன வருசமாச்சோ" என்று தெரேசா தன்னை மறந்து சொன்னாள்.

"வெட்டாததும் நல்லதுக்குத்தான்" என்றாள் அழகம்மா.

"கிஷாந்த், நிமிந்து பாருடா. முந்தி போர்ட்ட பாக்கச் சொன்னா ஜன்னல பாப்ப. இப்ப மண்ண பாக்குற."

"இல்ல சேர். குட் மோர்னிங் சேர்." அவன் நிமிரவில்லை.

"மாஸ்டர் சொகமா இருக்கீங்களா?" தெரேசா மரியாதையாக ஆரம்பித்தாள்.

"நல்ல சொகம். இருமல்கூட போயிருச்சு."

"குளிரலையா?"

"குளிருது. உடுத்திருந்தப்பவும் குளிர்ந்திச்சுதானே."

"அட்டை?" என்றாள் அழகம்மா. மலையில் நின்று வேலை செய்த எவளுக்கும் முதலில் வருகிற கேள்வி.

"கடிக்கத்தான் செய்யும். கையோட உப்புப் பொட்டணம் வச்சிருக்கேன்."

"கையோட இல்லையே. எங்க வச்சிருக்கீங்க?"

"அழகம்மா" என்றாள் தெரேசா.

மாஸ்டர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே, பட்டியில் சொருகின பொட்டணம். கேத்ரின் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தேயிலையும் குலுங்கியது, மாஸ்டர் சிரித்தார்.

பிறகு பேச்சு பேச்சாகவே நடந்தது. எந்தக் கோவிலில் கல்யாணம், எந்த மாதம், இரண்டு பேருக்கும் வேலை ஒரே ஊரில் என்பது எவ்வளவு நல்லது. இந்தப் பக்கம் உடுத்தினவர்கள், அந்தப் பக்கம் உடுத்தாதவர், நடுவில் தேயிலை. எந்தச் சம்பந்தமும் இப்படிப் பேசப்பட்டதில்லை. ஆனால் எல்லாச் சம்பந்தமும் இப்படித்தான் பேசப்படுகிறது என்று ஒரு வரி எழுதி, அது மிகவும் கெட்டிக்காரத்தனமாக

(இல்லை. வேண்டாம்.)

தெரேசா தட்டைத் தேயிலையின் மேல் வைத்தாள். நெருக்கமான செடி, தட்டைத் தாங்கியது. சேலையை எடுத்துக் கேத்ரினிடம் கொடுத்தாள். அடியில் வேட்டி தெரிந்தது. மூடவா எடுக்கவா என்று தெரியாமல் கை நின்றது.

"மாஸ்டர், இது எங்க மொற. தப்பா எடுத்துக்கப்படாது."

அவர் தேயிலைக்கு மேலால் கையை நீட்டினார். வேட்டியை எடுத்தார், முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் புதுத்துணி வாசத்தை இழுத்தார்.

"எனக்கா?"

"ஒங்களுக்குத்தான்."

"கேத்ரின் அம்மா போனதுக்கப்புறம் எனக்கு யாரும் துணி எடுத்துக் குடுத்ததில்ல."

தேயிலைக்குக் கீழே குனிந்தார். செடிகள் அசைந்தன. கொஞ்ச நேரம் கழித்து நிரையின் இடைவெளி வழியாக இந்தப் பக்கம் வந்தார், மடிப்புக் கலையாத வேட்டி முழங்காலுக்குமேல் ஏறி நிற்க, விலை போட்ட கடைச்சீட்டு இடுப்பில் ஆட. சட்டையை மட்டும் தோளில் போட்டிருந்தார்.

"சட்ட சின்னது" என்றார்.

"நான் சொன்னேன்ல அளவு—" என்றாள் அழகம்மா.

"நீ எங்க சொன்ன, நான்தான்—"

"இருங்க இருங்க" என்றார் மாஸ்டர். "ஒங்களுக்காக இன்னைக்கி இந்த வீட்டு வழக்கத்த நான் விட்டுட்டேன். பதிலுக்கு நீங்க ஒண்ணும் செய்யணும்னு இல்ல."

செய்ய வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டில் அப்படிச் சொன்னால், செய்யாமல் வர முடியுமா? அந்தப் பக்கம் ஒன்று செய்தால் இந்தப் பக்கம் ஒன்று. பழம் வந்தால் பழம், சேலை வந்தால் சேலை. அவர் தன் வழக்கத்தை விட்டு ஒன்றை உடுத்திக்கொண்டு நிற்கிறார். அழகம்மா தெரேசாவின் முழங்கையில் கிள்ளினாள். கிள்ளாமலே தெரேசாவுக்கு விளங்கிவிட்டது.

8

இங்கேதான் என் பேனா நின்றது. என்னிடம் முடிவுகள் இருந்தன.

ஒன்று: தெரேசா கையெடுத்துக் கும்பிட்டு, "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லி, முக்காடு கலையாமல் இறங்கிப் போகிறாள். கல்யாணம் நடக்கிறது. கோவிலில் மாஸ்டர் டை கட்டியிருக்கிறார். இதில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் வேண்டாம் என்று வைத்தேன்.

இன்னொன்று: மூடுபனி விலகுகிறது, வெயில் வருகிறது, தெரேசாவும் அழகம்மாவும்

"ஆமா, அத எழுதுங்க" என்றாள் அழகம்மா.

"எழுதாதீங்க" என்றாள் தெரேசா. "எழுதிட்டு நீங்க போயிருவீங்க. நாந்தான் லயத்துல இருக்கணும்."

அவளோடு நான் கொஞ்சம் பேசவேண்டி வந்தது.

"அப்ப முக்காடு மட்டும் எடுக்கலாமா தெரேசா?"

"அது எப்படிங்க. சாமிக்கே தெரியாது. எம் மகனுக்குத் தெரியாது. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கயிறு எங்க உக்காரும்னு எல்லாருக்குந்தான் தெரியும். அதுக்கடியில என்ன ஆகும்னு யாரும் நெனச்சுப் பாக்கல."

அவளுடைய வளையல் முக்காட்டுப் பக்கம் போகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு, "ஊசி ரெண்டு குத்தியிருக்கேன். அழகம்மாவ எடுத்துவிடச் சொல்லுங்க. நான் தொட்டா திரும்பவும் இறுக்கிக் குத்திக்குவேன்" என்றாள்.

9

அழகம்மா ஊசிகளை எடுத்துத் தன் ரவிக்கையில் குத்திக்கொண்டாள். முக்காடு தோளில் விழுந்தது. உள்ளே கட்டியிருந்த துண்டைத் தெரேசாவே அவிழ்த்தாள். அவிழ்த்து, மடித்து, தேயிலை மேலிருந்த தட்டில் வைத்தாள், வேட்டி இருந்த இடத்தில். உச்சந்தலையில் காதுக்குக் காது அந்தத் தடம், பளபளவென்று. அதில் மூடுபனி பட்டது, ஜில்லென்று. இத்தனை வருடத்தில் முதல்முறை.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தாள். தூரத்து வாங்கில் கிழவர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். குல்லாக்காரி ஒருத்தி இவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். கேத்ரின் சேலை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் முன்பு எந்த முகத்தைப் பார்த்துப் பேசினாரோ அதே முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதையும் உற்றுப் பார்க்காமல் இருக்கப் பழகின இடம் அது.

"ஒருத்தரும் பாக்கலையேடி" என்றாள் தெரேசா, காதோடு. அவள் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல்கூட இருந்தது.

"பாக்கணும்னா டவுனுக்குப் போய் கழட்டு."

தெரேசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், துண்டு விழுந்துவிடும் என்ற நினைப்பில்லாமல், விழ ஒன்றுமில்லாமல். ராட்டினம் உச்சியில் நின்று எல்லாத் தோட்டத்தையும் காட்டுகிறபோது வருகிற சிரிப்பு.

"மாஸ்டர்" என்றாள். "எங்களுக்குச் சம்மதம். ஒங்க மகளத் தாங்க."

"தந்தாச்சு" என்றார் அவர். கடைச்சீட்டைப் பிய்த்துத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டார்.

கல்யாணம் முடிவாகிவிட்டது. நான் பேனாவை மூடலாம். ஆனால் இன்னொரு குரல் பாக்கி இருக்கிறது. கேட் தாண்டியதிலிருந்து மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தவன், அம்மா இப்படிச் சிரித்துக் கேட்டதில்லை என்பதால், தலையை நிமிர்த்தினான். அந்த இடத்தில் அவன் நிமிர்ந்து பார்த்த முதல் உடம்பு அம்மாவுடையது. பார்த்த இடம் உச்சந்தலை.

அவன் ஒன்று கேட்கப் போகிறான். அதற்குத் தெரேசா என்ன சொல்வாள் என்று எனக்குச் சில விதமாகக் கேட்கிறது. ஒன்றில் சிரித்து மழுப்புகிறாள். ஒன்றில் முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்குகிறாள். ஒன்றில் துண்டைத் தேடிக் கை தட்டுக்குப் போகிறது. எதை எழுதினாலும் மற்றவை பொய்யாகிவிடும். அதுவுமில்லாமல் பஸ் கந்தப்பளைக்கு வந்துவிட்டது. இந்தமுறை இறங்குவது நான். நீங்கள் அந்தச் சீட்டிலேயே இருங்கள், காதைக் கொடுத்துக்கொண்டு.

"அம்மா, இது எப்பம்மா ஆச்சு?"